என்எஃப்எஸ் லாக் சிக்கல்கள்: கேள்வி பதில் (லினக்ஸ் சர்வர், வி3, வி4)

கேள்வி: சார், என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) மூன்றாம் பதிப்பான வி3 மவுண்டில் கோப்பைப் படிக்க முடிகிறது, எழுத முடிகிறது. லாக் (இருவர் ஒரே நேரத்தில் எழுதாதபடி கோப்பைப் பூட்டுவது) கேட்டால் மட்டும் "நோ லாக்ஸ் அவெய்லபிள்" என்கிறது. ஏன்?

பதில்: படிப்பதும் எழுதுவதும் 2049 போர்ட்டில் நடக்கின்றன. வி3-இல் லாக் அதற்குள் கிடையாது. லாக்டி என்ற தனிச் சேவை அதைப் பார்த்துக்கொள்கிறது. எந்த மெஷின் ரீபூட் ஆனது என்று ஸ்டாட்டிடி என்ற இன்னொரு சேவை கணக்கு வைத்திருக்கும். பெரும்பாலும் கிளையண்டில் (மவுண்ட் செய்யும் மெஷினில்) ஸ்டாட்டிடி ஓடாமல் இருப்பதுதான் காரணம். முதலில் அதைப் பாருங்கள்.

ஸ்டாட்டிடி ஓடுகிறது என்றால் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் என்று காட்டும் ‘ஆர்பிசிஇன்ஃபோ -பி’ கட்டளையை இரு பக்கமும் கொடுத்துப் பாருங்கள்: அதில் சேவை எண் 100021 லாக்டி, 100024 ஸ்டாட்டிடி. இவை ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் வேறு போர்ட்டில் போய் உட்காரலாம். அதனால் 111 (சேவைகளின் போர்ட் எண்ணைச் சொல்லும் போர்ட்), 2049 இரண்டை மட்டும் திறந்தால் போதாது. என்எஃப்எஸ் கான்ஃப் கோப்பில் இரண்டுக்கும் நிலையான எண் கொடுத்து, டிசிபி, யுடிபி இரண்டிலும் திறந்துவிடுங்கள். கிளையண்ட் பக்கமும் இதைச் செய்ய வேண்டும். காத்திருப்பவருக்கு லாக் கிடைத்ததும் சர்வர்தான் கிளையண்டைக் கூப்பிட்டுச் சொல்லும். அந்த வழி அடைபட்டிருந்தால் கிளையண்ட் 30 விநாடிக்கு ஒருமுறை தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும். "லாக் கிடைக்கிறது, ஆனால் அரை நிமிடம் தாமதம்" என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: நோலாக் என்ற ஆப்ஷன் போட்டு மவுண்ட் செய்தால் பிழை வருவதில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். நோலாக் போட்டால் லாக் அந்த மெஷினுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும், சர்வருக்குத் தெரியாது. இரண்டு மெஷின் ஒரே மெயில்பாக்ஸைத் திறந்தால் இரண்டுமே "லாக் எனக்கே" என்று நம்பி எழுதும். எந்தப் பிழையும் காட்டாமல் தரவு கெடும். ஒரே கிளையண்ட் மட்டும் எழுதும் இடம் என்றால் பரவாயில்லை.

கேள்வி: லாக் வைத்திருந்த கிளையண்ட் மெஷின் செத்துவிட்டது, திரும்பி வரப்போவதில்லை. லாக்கை எப்படி எடுப்பது, அண்ணா?

பதில்: வி3 என்றால் அந்த லாக்குக்குக் காலாவதியே இல்லை. கிளையண்ட் ரீபூட் ஆகி "வந்துவிட்டேன்" என்று அறிவிக்கும் வரை சர்வர் விடாது. அறிவிக்கும் பெயரும் சர்வர் குறித்துவைத்த பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அறிவிப்பும் வீண். ஹோஸ்ட்நேம் குழப்பத்தால் இது நிறைய நடக்கிறது.

சர்வரின் ப்ராக் லாக்ஸ் பட்டியலில் (தற்போதைய லாக்குகளைக் காட்டும் கோப்பில்) கோப்பின் ஐநோட் எண் (ஃபைல்சிஸ்டம் கோப்புக்குத் தரும் அடையாள எண்) இருக்கும். ‘ஃபைண்ட் -ஐநம்’ கொடுத்தால் எந்தக் கோப்பு என்று தெரியும். என்எஃப்எஸ்டி-யின் (சர்வரில் ஓடும் என்எஃப்எஸ் சேவையின்) ‘அன்லாக் ஃபைல்சிஸ்டம்’ கோப்பில் அந்தக் கோப்பு இருக்கும் டைரக்டரியின் பாதையை எழுதினால் லாக் விடுபடும். ஆனால் அந்த ஃபைல்சிஸ்டத்தில் உயிரோடு இருக்கும் கிளையண்ட்களின் லாக்கும் சேர்ந்தே போகும். எனவே முதலில் அப்ளிகேஷன்களை நிறுத்துங்கள்.

வி4-இல் இந்தத் தலைவலி குறைவு. கிளையண்ட் 90 விநாடிக்கு மேல் மௌனமாக இருந்து, வேறொருவர் லாக் கேட்டால் சர்வர் அவருக்குக் கொடுத்துவிடும். முடிந்தால் வி4-க்கு மாறுங்கள். 2049 ஒன்று திறந்தாலே லாக் வேலை செய்யும்.

கேள்வி: ஷெல் ஸ்கிரிப்டில் எஃப்லாக் (கோப்பைப் பூட்டும் கட்டளை) லோக்கல் டிஸ்க்கில் ஓடுகிறது. என்எஃப்எஸ்-இல் "பேட் ஃபைல் டிஸ்கிரிப்டர்".

பதில்: லினக்ஸ் கெர்னல் 2.6.12 முதல் என்எஃப்எஸ் கிளையண்ட் எஃப்லாக்கை முழுக் கோப்புக்குமான எஃப்கண்ட்ல் லாக்காக (இன்னொரு வகை லாக்) மாற்றி அனுப்புகிறது. அந்த வகை லாக்கில் எக்ஸ்க்ளூசிவ் லாக் (ஒருவருக்கு மட்டுமே உரியது) வேண்டுமானால் கோப்பை எழுதத் திறந்திருக்க வேண்டும். ‘<’ இருக்கும் இடத்தில் ‘>>’ போடுங்கள்; அப்போது கோப்பு எழுதத் திறக்கப்படும்.

கேள்வி: சர்வரை ரீபூட் செய்தபின் லாக் கேட்கும் எல்லாமே ஒன்றரை நிமிடம் தொங்குகிறது. மறுபடி ரீஸ்டார்ட் செய்தும் அதேதான்.

பதில்: அது கிரேஸ் பீரியட், வழக்கமாக 90 விநாடி. பழைய லாக்குகளை உரியவர்கள் திரும்பப் பெறுவதற்கான அவகாசம். அதுவரை புது லாக் கிடையாது. ரீஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் 90 விநாடி முதலிலிருந்து தொடங்கும். கைவைக்காமல் காத்திருங்கள்.