32 வாரத்தில் குழந்தையின் தலை மேலே இருந்தால் என்ன செய்யலாம்?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எனக்குத் தலைப்பிரசவம். 32 வாரம் ஆகிறது. ஸ்கேனில் குழந்தையின் தலை மேலே இருக்கிறது, 'பிரீச்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குனிந்து வீட்டைத் துடைத்தால் தலை திரும்பிவிடும் என்கிறார் மாமியார். வயிற்றைத் தடவித் திருப்பிவிடும் ஒரு பாட்டியிடம் போகலாமா என்கிறார் அம்மா. ஆபரேஷன் இல்லாமல் பெற்றெடுக்க ஆசை. இயற்கையாக என்ன செய்யலாம்?"

முதலில் அம்மா கேட்டதற்குப் பதில். தயவுசெய்து போகாதீர்கள். நஞ்சு (பிளசென்டா) எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, பனிக்குடத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, தொப்புள்கொடி எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் வெறும் கைக்குத் தெரியாது. அழுத்தித் தள்ளும்போது நஞ்சு பிரிந்துவிட்டால் தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. பாட்டியின் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் வீட்டில் ஸ்கேனும் இல்லை, அவசரத்துக்கு ஆபரேஷன் தியேட்டரும் இல்லை.

அடுத்து, 32 வாரத்தில் பயப்படவே வேண்டாம். 28 வாரத்தில் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று நான்கு குழந்தைகள்தான் அப்படியே இருக்கும். மற்றவை தாமாகவே திரும்பிவிடுகின்றன. திரும்பாமல் போவதற்குக் கருப்பையின் அமைப்பு, ஃபைப்ராய்டு கட்டி, இறங்கியிருக்கும் நஞ்சு, தண்ணீரின் அளவு எனச் சில காரணங்கள் உண்டு. பல நேரம் காரணமே கிடைக்காது. நீங்கள் படுத்த விதமோ நடந்த விதமோ காரணம் என்று யாராவது சொன்னால், அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

குழந்தை எப்படி இருக்கிறது என்பதை நீங்களே ஓரளவு கவனிக்கலாம். விலா எலும்புக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக ஏதோ முட்டுகிறதா? உதை அடிவயிற்றில், சிறுநீர்ப்பையின் மேல் விழுகிறதா? அப்படியானால் தலை இன்னும் மேலேதான் இருக்கிறது. ஒரு நாள் அந்தக் கெட்டி கீழே போய், உதை விலாப் பக்கம் வரத் தொடங்கினால் திரும்பியிருக்கலாம். உறுதிப்படுத்த ஸ்கேன் வேண்டும்.

சரி, வீட்டில் செய்யக்கூடியது என்ன? பலரும் சொல்வது முழங்கால்-மார்பு நிலை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு வந்து பாயில் மண்டியிடுங்கள். முழங்கால்களைச் சற்று அகலமாக வைத்து, தொடை செங்குத்தாக நிற்க, மார்பையும் கன்னத்தையும் தலையணையில் சாயுங்கள். பின்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், வயிறு தொடையில் நசுங்கக் கூடாது. பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு முறை போதும். எழும்போது மெதுவாக எழுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். இடுப்புக் குழியிலிருந்து குழந்தை சற்று விலகினால் திரும்ப இடம் கிடைக்கும் என்பதே இதன் கணக்கு. ஆனால் இதனால்தான் குழந்தை திரும்புகிறது என்று ஆய்வுகள் இதுவரை உறுதிப்படுத்தவில்லை. உடம்புக்கு இதமாக இருந்தால், உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரத்த அழுத்தம், இரத்தக் கசிவு, இறங்கிய நஞ்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

மாமியார் சொல்லும் வீடு துடைப்பதும் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றும் நிலைதான். ஆஸ்திரேலியாவில் 2,547 கர்ப்பிணிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2004-இல் வெளியானது. 37 வாரத்திலிருந்து ஒரு பகுதியினர் தினமும் இந்த நிலையில் இடுப்பை ஆட்டிப் பயிற்சி செய்தார்கள். மேலே இருக்கும் தலை திரும்புமா என்பதல்ல, தலை கீழே இருந்தாலும் முகம் முன்பக்கம் பார்த்துப் பிறக்கும் குழந்தைகள் இதனால் குறைவார்களா என்பதுதான் அதன் கேள்வி. குறையவில்லை. ஆனால் பிரசவ வலியின்போது இதே நிலையில் இருந்த பெண்களுக்கு முதுகுவலி குறைந்ததாக வேறோர் ஆய்வு சொல்கிறது. அதனால் பழகி வைத்துக்கொள்வதில் நட்டமில்லை. வழுக்கும் ஈரத் தரையில் மட்டும் வேண்டாம்.

கால் சுண்டுவிரல் ஓரத்தில் மூலிகைத் திரியின் சூடு காட்டும் சீன முறைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. பயிற்சி பெற்றவர் இல்லாமல் வீட்டில் முயல வேண்டாம்.

உங்கள் ஆசைக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது வேறொன்று. 36 வாரத்தில் மீண்டும் ஸ்கேன் எடுங்கள். அப்போதும் தலை மேலேயே இருந்தால், "இசிவி செய்ய முடியுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். வயிற்றின் வெளியிலிருந்து கையால் குழந்தையைத் திருப்பும் முறை இது. பாட்டி செய்வதுபோலத் தோன்றும். ஆனால் இங்கே கருப்பை தளர ஊசி போடுவார்கள், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே திருப்புவார்கள், முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிப்பார்கள். மொத்தத்தில் பாதிப் பேருக்குப் பலிக்கிறது. தலைப்பிரசவத்தில் பத்தில் நான்கு பேருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இருநூறில் ஒருவருக்கு உடனே ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால்தான் மருத்துவமனையில் செய்கிறோம். உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால், குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியும் போட வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இதைச் செய்வதில்லை. எங்கே செய்கிறார்கள் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

அதுவும் பலிக்காமல் சிசேரியன்தான் என்று முடிவானால், எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தலை மேலே இருக்கும்போதே பனிக்குடம் உடைந்தால், கொடி நழுவிக் கீழே வந்துவிடும் ஆபத்து அதிகம். நடக்காமல், பக்கவாட்டில் படுத்து, இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.