ஹாரி பாட்டர் படங்கள் எட்டையும் நம் பண்டிகைகளோடு பொருத்தி ஒரே வருஷத்தில் எப்படிப் பார்ப்பது?

கதைக்குள் வரும் தேதியைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பல படங்களில் கிறிஸ்துமஸ் வருகிறது. எல்லாம் டிசம்பரில் வந்து குவிந்துவிடும். கதையின் கருவைப் பண்டிகையோடு பொருத்துங்கள், படங்களின் வரிசை மட்டும் மாறக் கூடாது. அப்படிப் பார்த்தால் தொடக்கம் விஜயதசமிதான். பிள்ளைகள் அரிசியில் எழுதிப் பழகும் நாளில், பதினொரு வயதுப் பையன் மந்திரப் பள்ளியில் சேரும் முதல் படம்.

இரண்டாவதில் பெரிய பாம்பு வருவதால் நாக சதுர்த்திக்கு வைக்கத் தோன்றும். வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் தீபாவளி அமாவாசை கழிந்த நாலாம் நாள் புற்றுக்குப் பால் ஊற்றுவார்கள். படத்திலோ பையன் பாம்பை வாளால் குத்திக் கொல்கிறான். பெரியவர்கள் முகம் சுளித்தால் அது நியாயம்தான். அசுரவதம் நடந்த தீபாவளிக்கே அது சேரும். 161 நிமிடம், எட்டிலும் நீளமானது. ராத்திரி வெடிச் சத்தத்தில் வசனம் காதில் விழாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கார்த்திகை தீபம். எட்டுப் பொருத்தத்திலும் அழகானது இதுதான். மனிதரின் சந்தோஷத்தை உறிஞ்சும் டிமென்டர்கள் நெருங்கும்போது ரயில் ஜன்னல் கண்ணாடியில் பனி படரும். கடைசியில் ஏரிக்கரையில் மான் வடிவில் எழும் வெள்ளை வெளிச்சம் அவற்றை விரட்டும். முழு நிலா கண்டால் ஓநாயாகிவிடும் ஆசிரியரும் உண்டு; தீபமும் பௌர்ணமியை ஒட்டித்தானே வருகிறது! வாசல் அகலுக்கு இன்னொரு முறை எண்ணெய் விட்டுவிட்டு 7.30-க்கு உட்கார்ந்தால், 142 நிமிடம், பத்து மணிக்குள் முடியும். தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்: 2025-ல் தீபாவளி அக்டோபர் 20, தீபம் டிசம்பர் 3. எல்லா வருஷமும் இவ்வளவு இடைவெளி கிடைக்காது.

நான்காவதில் டிராகனிடமிருந்து பொன்முட்டையைப் பறிக்கும் போட்டி. எருது விடும் விழா பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் இறந்த மாணவனின் மேல் அவன் அப்பா விழுந்து கதறும் காட்சி பொங்கலன்று கூடாது. காணும் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

ஐந்தாவது மகா சிவராத்திரிக்கு. ஒரு யாமம் மூன்று மணி நேரம், படம் 138 நிமிடம்; முதல் கால பூஜைக்கும் இரண்டாம் காலத்துக்கும் நடுவில் அடங்கும். மூன்றாம் காலம் சாமிக்கு மட்டும். மறுநாள் காவேரிப்பட்டணத்தில் நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் படத்தை முந்தைய வாரமே முடித்துவிடுவது நல்லது, உடம்பு தாங்காது.

ஆறாவது சித்ரா பௌர்ணமி. குப்பிகளில் சேர்த்த நினைவுகளை வைத்து ஒருவனின் பாவத்தைத் துருவும் கதை. சித்திரகுப்தன் கணக்குக்குப் பொருந்தும்.

பெற்றோர் கல்லறையில் பையன் நிற்கும் ஏழாவது, ஆடி அமாவாசைக்கு. ஒகேனக்கல்லில் தர்ப்பணம் கொடுத்துக் கூட்டத்தில் பஸ் பிடித்து வீடு வந்து சேரவே களைத்துவிடும், அதனால் மறுநாள் மாலை.

எட்டாவது மகாளய அமாவாசை. சாவை நோக்கிக் காட்டுக்குள் நடப்பவனுக்கு, இறந்துபோன அப்பாவும் அம்மாவும் துணை நிற்கிறார்கள். முன்னோர் வீடு தேடி வரும் நாளில் இந்தக் காட்சியைப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். கடைசியில் அவன் தன் மகனைப் பள்ளிக்கூட ரயிலில் ஏற்றுகிறான். மறுநாள் நவராத்திரி தொடக்கம். அது முடிந்ததும் விஜயதசமி, மறுபடி முதல் படம்.