கம்பெனி பிளாக்செயின்: கேள்வி பதில்

கே: பிட்காயினில் இருக்கும் பிளாக்செயினும் (பலரும் நகல் வைத்துப் பகிரும் கணக்கேடு) கம்பெனிகள் வைத்திருப்பதும் ஒன்றுதானா?

ப: இல்லை. கம்பெனி பிளாக்செயினில் டிஜிட்டல் சான்றிதழ் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். பிட்காயினில் போலக் கணினிகள் போட்டி போட்டுப் பிளாக் சேர்க்கும் மைனிங் கிடையாது. பலரும் எடுப்பது ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற மென்பொருள்.

கே: வால்மார்ட்டுக்கு உண்மையிலேயே பலன் கிடைத்ததா?

ப: நறுக்கிய மாம்பழப் பாக்கெட் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தார்கள். பழைய முறையில் 6 நாள் 18 மணி 26 நிமிடம். ஐபிஎம்மோடு சேர்ந்து போட்ட பிளாக்செயினில் 2.2 வினாடி. இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தேடும் நேரம் மட்டும்தான். தோட்டக்காரர் முதல் கிடங்கு வரை ஆளாளுக்கு முன்பே பதிந்து வைத்த உழைப்பு அதில் சேரவில்லை. பதிய வைக்கத்தான் 2018 செப்டம்பரில் கீரை, லெட்யூஸ் சப்ளையர்களுக்கு ஓராண்டு கெடு வைத்துக் கடிதம் போனது. வாங்குவது வால்மார்ட், யார் மறுப்பார்கள்?

கே: அப்படியென்றால் கப்பல் கம்பெனி மெர்ஸ்க்கின் டிரேட்லென்ஸ் என்ற சரக்குப் போக்குவரத்து பிளாக்செயின் ஏன் மூடப்பட்டது?

ப: அங்கே அந்தப் பிடி இல்லை. எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் போன்ற போட்டிக் கப்பல் கம்பெனிகளே சேர்ந்தும், துறை முழுவதும் ஒத்துழைக்கவில்லை, வணிகரீதியாகக் கட்டுப்படியாகவில்லை என்று 2022 நவம்பரில் மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் கைவிட்டன.

கே: ஃபேப்ரிக்கில் சோதனைத் திட்டம் ஓட்டுகிறோம். லோடு ஏறினால் 'எம்விசிசி ரீட் கான்ஃப்ளிக்ட்' என்ற பிழை குவிகிறது. பதிவுகளை வரிசைப்படுத்தும் சர்வரான ஆர்டரர் எத்தனை வைக்கலாம்?

ப: முதலில் அந்தப் பிழை. சரக்கு இருப்பை ஒரே கீயில் (ஒரே பெயரில் சேமித்த பதிவில்) வைத்திருப்பீர்கள். இருவர் ஒரே நேரத்தில் 1000 என்று படிக்கிறார்கள்; முதலாமவர் 990 என்று எழுதியதும் வெர்ஷன் மாறிவிடும், அடுத்தவருடையது செல்லாது. செல்லாததும் பிளாக்கில் இடம் பிடிக்கும் என்பது கூடுதல் எரிச்சல். ஒவ்வொரு வரவு, செலவையும் தனிக் கீயாக எழுதி, இருப்பு தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இருப்புக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற விதியை அப்போது தனியாகக் கையாள வேண்டும்.

அடுத்து ஆர்டரர் எண்ணிக்கை. ஆர்டரர்கள் பெரும்பான்மையால் முடிவெடுக்கும் ராஃப்ட் முறையில் 3 ஆர்டரர் என்றால் 1 பழுதாகி விழலாம். 5 என்றால் 2. 4 வைத்தாலும் 1தான், காசு தண்டம். சான்றிதழ்களின் காலாவதித் தேதியையும் இன்றே பாருங்கள். சான்றிதழ் வழங்கும் ஃபேப்ரிக் சிஏ வழக்கமாக ஓராண்டுக்குத்தான் தரும். ஆர்டரர்களின் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்புக்கான) சான்றிதழ்கள் ஒரே நாளில் காலாவதியானால் நெட்வொர்க்கே நின்றுவிடும்.

கே: முதலீட்டுக்கு ஒப்புதல் கேட்டு ஃபைல் வந்திருக்கிறது. எதைப் பார்ப்பது?

ப: ஆஸ்திரேலியப் பங்குச்சந்தை பங்கு வர்த்தகக் கணக்கைத் தீர்க்கும் தன் 'செஸ்' முறையை பிளாக்செயின் வகைக்கு மாற்றப் போய், 2022இல் நிறுத்தி, சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. உங்கள் ஃபைலில் எல்லா நோடும் (கணக்கேட்டின் நகல் வைத்திருக்கும் கணினி) உங்கள் சர்வரிலேயே ஓடுவதாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அதற்குப் போஸ்ட்கிரெஸ் போன்ற சாதாரண டேட்டாபேஸ் போதும்.