புயலையும் மரத்தையும் ஆராய எந்தப் பட்டம் படிக்க வேண்டும்?

பேராவூரணியிலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு வணக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில் உங்கள் தென்னந்தோப்பு சாய்ந்ததையும், அதைச் சிறுவயதில் பார்த்த மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் புயலுக்கும் மர வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராயப் போவதாகச் சொல்வதையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். இப்படியும் ஒரு படிப்பு உண்டா என்பதே உங்கள் முதல் கேள்வி.

உண்டு. ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் பைன் மரங்களைத் துளைத்து மாதிரி எடுத்த ஆய்வாளர்கள், சூறாவளி வீசிய ஆண்டுகளில் வளர்ச்சி குன்றியிருப்பதை, தண்டுக்குள் ஆண்டுக்கு ஒன்றாக உருவாகும் வளையங்களில் கண்டார்கள். அதனைக் கரீபியன் கடலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களின் பதிவுகளோடு பொருத்தி, 1645 முதல் 1715 வரை அப்பகுதியில் சூறாவளிகள் ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்திருந்தன என்று 2016இல் வெளியிட்டார்கள். உங்கள் தென்னை இந்த முறைக்கு உதவாது, ஏனெனில் ஒருவித்திலைத் தாவரமான அதில் ஆண்டு வளையம் உருவாவதில்லை. ஓலை உதிர்ந்த தழும்புகளின் இடைவெளியைக் கொண்டுதான் அதன் வளர்ச்சியை ஊகிக்க முடியும். தேக்கில் வளையம் தெளிவாகத் தெரியும் என்பதால், கேரளத் தேக்கு மரங்களைக் கொண்டு பழைய பருவமழையின் போக்கை நம் நாட்டு ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். லக்னோவிலுள்ள பீர்பல் சாஹ்னி நிறுவனம் இத்தகைய வளைய ஆய்வுக்குப் பெயர்பெற்றது.

எந்தப் பட்டம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெயரைப் பார்த்து இளநிலையிலேயே சுற்றுச்சூழல் அறிவியலில் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இந்திய வனப் பணித் தேர்வுக்கான பட்டப் பாடங்களின் பட்டியலில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், நிலவியல், கணிதம், புள்ளியியல் ஆகியவையும் வனவியல், வேளாண்மை, பொறியியல் பட்டங்களும் இருக்கின்றன. சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அதில் இல்லை. ஆராய்ச்சி கைகூடாமல் போனால் திறந்திருக்க வேண்டிய ஒரு கதவைப் பதினேழு வயதிலேயே மூடுவானேன்? மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்கு ஆண்டு வனவியல் பட்டம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் தாவரவியல் எடுத்து, முதுநிலையில் சூழலியலுக்கு மாறலாம். எதில் சேர்ந்தாலும் புள்ளியியலை விட்டுவிடக் கூடாது. காட்டில் ஒரு மாதம் அளந்தால், அந்த அளவுகளைக் கணினியில் அலசுவதற்குப் பல மாதங்கள் ஆகும் என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மரம் பிடிக்கும், கணக்கு பிடிக்காது என்று வரும் மாணவர்கள்தாம் பாதியில் களைத்துப் போகிறார்கள்.

வருமானம் குறித்து ஒளிக்காமல் சொல்கிறேன். முதுநிலைக்குப் பிறகு நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன் பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். அதற்கு முந்தைய ஐந்து, ஆறு ஆண்டுகளின் செலவு உங்களுடையது. முனைவர் பட்டம் முடியும்போது அவருக்கு ஏறக்குறைய இருபத்தெட்டு வயதாகியிருக்கும். அதுவரை திருமணப் பேச்சால் அவரை நெருக்காமல் இருக்க முடியுமா என்பதை வீட்டில் இப்போதே பேசி முடிவெடுங்கள். அடுத்த முறை வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள். கணித மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு கல்லூரிகளின் வரிசையை இருவருமாகவே எழுதிக்கொள்கிறோம்.