லிஃப்டிலும் ரயில் பெட்டியிலும் அய்கிடோ உதவுமா?

உதவும், ஆனால் பயிற்சிக்கூடத்தில் நாம் பார்க்கும் வடிவில் அல்ல. ஜப்பானியரான மொரிஹே உவெஷிபா (1883–1969) உருவாக்கிய இத்தற்காப்புக் கலையின் அடிப்படை அசைவுகள் இரண்டு: எதிராளியை நோக்கி நேராக உள்நுழையும் ‘இரிமி’, அவரது விசையோடு சுழன்று விலகும் ‘தென்கான்’. சுழல்வதற்குக் கால்வைக்க இடம் வேண்டும் என்பதால், முதுகைச் சுவர் உரசும் லிஃப்டில் தென்கான் பெரும்பாலும் கைகொடுக்காது. இரிமியே அங்கு முதன்மை பெறுகிறது. தாக்குபவரின் தோள்பக்கமாகச் சற்றே முன்னேறி, அவரது மணிக்கட்டையும் முழங்கையையும் பற்றி, ‘இக்கியோ’ பிடியால் அவரைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டால், தரையில் கிடத்த வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. வீசி எறியும் ‘ஷிஹோ-நாகே’ போன்ற உத்திகளை இங்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: விழுபவர் உருண்டு தப்ப இடமில்லாததால், அவரது தலை கைப்பிடிக் கம்பியிலோ இருக்கை விளிம்பிலோ மோதக்கூடும், அதன் பிறகு வரும் சட்டச் சிக்கல் உங்களுடையது.

மண்டியிட்டுப் பயிலும் ‘சுவாரி-வாசா’வைப் பலர் பழைய சடங்காக எண்ணி அலட்சியப்படுத்துகிறார்கள். உண்மையில், காலை வீசி நகர முடியாத நிலையில் இடுப்பிலிருந்து உடலைத் திருப்பக் கற்றுத்தருவது அதுதான். அமர்ந்திருப்பவர், நின்றபடி தாக்குபவரை எதிர்கொள்ளும் ‘ஹன்மி-ஹந்தாச்சி’ பயிற்சியோ ரயில் இருக்கையில் நேரும் சூழலுக்கு இன்னும் நெருக்கமானது.

கத்தியைக் காட்டிப் பணம் கேட்டால், எத்தனை ஆண்டு பயின்றவராயினும் பணப்பையைக் கொடுத்துவிடுங்கள். லிஃப்டில் பொத்தான் பலகைக்கு அருகே, பக்கவாட்டுச் சுவரை ஒட்டி நிற்பது எந்தப் பிடியையும்விடப் பயனுள்ள பழக்கம்.