சைடு-பை-சைடு வண்டியில் (இருவர் அருகருகே அமர்ந்து கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்குசக்கர வண்டி) ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், ஏறி இறங்குகிறது, ரிவர்ஸ் போட்டால் கியர் பல் உராய்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம், குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். மாடலை நீங்கள் குறிப்பிடாததால், தோட்டத்திலோ கடற்கரை விடுதியிலோ ஓடுகிற, பெல்ட்டால் இயங்கும் வண்டி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெல்ட்டுக்குப் பதிலாக இரண்டு கிளட்ச் வைத்துக் கியர் மாற்றும் டூயல் கிளட்ச் வண்டிக்கு இந்தப் பதில் பொருந்தாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்; இல்லையென்றால் அதைச் சுட்டிக்காட்டுவதற்கென்றே சிலர் வருவார்கள்.

நான் வாகன மெக்கானிக் அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பில் ஃபிட்டராக இருந்தவன். திருப்போரூருக்கு அப்பால் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மைத்துனர், உரமூட்டையும் தேங்காயும் சுமப்பதற்காகப் பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு ஒரு மாதம் ஷெட்டிலேயே கிடந்த அந்த வண்டியைப் பொங்கலுக்கு முன் கிளப்பியபோது, நீங்கள் சொல்லும் அதே இரண்டு கோளாறுகளும் இருந்தன. பதிவெண் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது என்பதால், ஒவ்வொரு சிறு வேலைக்கும் குட்டியானைக்கு வாடகை கொடுத்துத்தான் ஏற்றிச் செல்ல வேண்டும். அப்படி ஏற்றிச் சென்ற ஒரு பட்டறையில், லீவரை இரண்டு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) எவ்வளவு காட்டுகிறது என்று அங்கே ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

வண்டியைத் திரும்ப ஏற்றிவந்து நான் செய்த முதல் வேலை, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரை வண்டியை முன்னும் பின்னும் இலேசாக அசைக்கச் சொல்லி, லீவரை ஹை, லோ, நியூட்ரல், ரிவர்ஸ் என்று நகர்த்திப் பார்த்ததுதான். எல்லாம் வெண்ணெய் போல விழுந்தன. அணைத்த நிலையில் இவ்வளவு எளிதாக விழும் கியர், எஞ்சின் ஓடும்போது மட்டும் உராய்கிறது என்றால், எஞ்சின் பக்கமிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டு நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

கியரில்லா ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். மெக்கானிக் ‘ஸ்லோ’வை, அதாவது ஐடிலை, அதிகமாக வைத்துவிட்டால், சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் ஸ்கூட்டரின் பின்சக்கரம் தானாகவே வேகமாகச் சுற்றும். சைடு-பை-சைடிலும் அதே கதைதான். பல வண்டிகளில் ஐடில் 1,100 முதல் 1,300 ஆர்பிஎம்முக்குள் இருக்கும். அது 1,700, 1,800 என்று ஏறும்போது எஞ்சினோடு சுற்றும் முன்புல்லி பெல்ட்டைக் கவ்வி, கியர்பாக்ஸ் தண்டையும் சுற்றத் தொடங்கிவிடும் (சரியான அளவுக்கு உங்கள் வண்டியின் கையேட்டையே நம்புங்கள்). கார் கியர்பாக்ஸில் உள்ள சிங்க்ரோமெஷ் (இரண்டு கியர்களின் வேகத்தையும் சமப்படுத்திவிட்டுக் கோக்கும் அமைப்பு) இந்த வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. சுற்றிக்கொண்டிருக்கும் டாக் கியரில் (பக்கவாட்டு முட்டுகளால் கோத்துக்கொள்ளும் கியர்) நிற்கும் கியரைக் கொண்டுபோய் இடித்தால், அது உராயாமல் வேறென்ன செய்யும்? எங்கள் வண்டி 1,900 வரை ஏறி, 1,000-க்கு இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில், யாரும் தொடாமலிருக்கப் பெயின்ட் முத்திரை வைத்திருந்த ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை இறக்கினேன். சூடான எஞ்சினில் சரியானது போலத் தோன்றியது, மறுநாள் காலையில் கிளப்பியதும் அணைந்து அணைந்து போனது. அந்த ஸ்க்ரூவைத் தொட்டால் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் பொசிஷன் சென்சாரின் தொடக்க அளவும் மாறிவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிறகு ரிச்சி தெருவில் வாங்கிய மல்டிமீட்டரை வைத்து, கையேட்டில் உள்ள வோல்ட் அளவுக்கு அதைத் திரும்பக் கொண்டுவர அரை நாள் போயிற்று. நீங்கள் அதைத் தொடாதீர்கள்.

உண்மையான குற்றவாளி, த்ராட்டில் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள இன்டேக் ரப்பர். மேலிருந்து பார்த்தால் புதிது போல இருந்தது. அடிப்பக்கத்தில், கிளிப்புக்குக் கீழே, விரல் நகம் அளவுக்கு வெடிப்பு. த்ராட்டிலைக் கடந்த பிறகு அந்த வழியாகக் காற்று நுழைந்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலேயே ஐடில் அலைபாயும். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டியை எடுத்து, வயர் கனெக்டர்களில் படாமல், ரப்பரின் ஓரத்தில் கொஞ்சம் பீய்ச்சினேன். தண்ணீர் வெடிப்பை அடைத்த அந்த ஒரு நொடியில் எஞ்சினின் சத்தம் மாறியது. கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அதை நான் செய்ய மாட்டேன். ரப்பர் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று, சென்னையில் வாகன உதிரிபாகம் விற்கும் ஜிபி ரோட்டில் ஏறி இறங்காத கடை இல்லை. இதற்கு முன்பே ஆக்சிலரேட்டர் கேபிளில் சற்றுத் தொய்வு இருக்கிறதா, பேட்டரி முனைகள் உப்புக்காற்றில் பூத்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஐடில் 1,200-இல் நின்றதும் உராய்வு ஏறக்குறைய போய்விட்டது. ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் ஒன்று அமுங்கியதால் எஞ்சின் சற்றே சாய்ந்து, லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ஷிப்ட் கேபிளின் அளவு தப்பியிருந்தது. மவுன்ட்டை மாற்றிக் கேபிளைச் சரிசெய்தோம். பெல்ட் உறைக்குள் மழைநீர் வண்டலும் கொஞ்சம் இருந்தது, துடைத்தாயிற்று. இப்போதும் என் மைத்துனர் மகன் வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே ரிவர்ஸுக்கு இழுப்பான். அந்தச் சத்தத்துக்கு எந்த ரப்பரும் பொறுப்பல்ல.

எல்லாம் தெரிந்தவன் போல எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வண்டியில் எஞ்சின் அணைந்திருக்கும்போதே லீவர் இறுகினால், கோளாறு கேபிளிலோ, உண்மையாகவே கியர்பாக்ஸிலோ இருக்கலாம். அதைச் சோதித்துவிட்டு, சூடான எஞ்சினில் ஐடில் எவ்வளவு காட்டுகிறது என்பதையும் மாடல் பெயரையும் கீழே எழுதுங்கள்.