குடும்ப நீதிமன்றத்தில் கொடுத்த மனுவை யாரெல்லாம் பார்க்க முடியும்? – கேள்வி பதில்

விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் தாக்கலாகும் காகிதங்கள் எவ்வளவு ரகசியம் என்று கேட்டவர்களுக்கு, குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடும் வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: மேடம், வாய்தாவுக்குப் போனாலே அவர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து கோர்ட் ஹாலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அடுத்த மாதம் எனக்குக் குறுக்கு விசாரணை. அவர்கள் முன்னால் எப்படிப் பேசுவது?

பதில்: பேச வேண்டியதில்லை. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 11-இன்படி, இரண்டு தரப்பில் ஒருவர் கேட்டாலே மூடிய அறையில் விசாரணை நடத்தியாக வேண்டும். எதிர்த்தரப்பின் சம்மதம் தேவையில்லை. உங்கள் ஊரில் குடும்ப நீதிமன்றம் இல்லை, சார்பு நீதிமன்றத்தில்தான் வழக்கு என்றாலும் கவலை வேண்டாம்; இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 22-ம், சிறப்புத் திருமணச் சட்டத்தின் பிரிவு 33-ம் மூடிய அறை விசாரணையைத்தான் சொல்கின்றன.

இதைக் கேட்டு ஒரே ஒரு பக்கத்தில் மெமோ (நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் சிறு குறிப்பு) போதும். ஆனால் மெமோவைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றைய பட்டியலில் வரிசையாக வழக்குகள் இருக்கும். உங்கள் மெமோ நீதிபதிக்கு நினைவிருக்காது. வழக்கைக் கூப்பிட்டதும் உங்கள் வக்கீல் எழுந்து ஞாபகப்படுத்த வேண்டும். வெறும் வாய்தா வாங்கும் நாட்களில் உங்கள் பெயரைக் கூப்பிடுவது எல்லோர் காதிலும் விழத்தான் செய்யும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: என் தங்கைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கு முதல் திருமணம் கோர்ட்டில் முடிந்ததாம். அந்த விவாகரத்து மனுவின் நகலை நாங்கள் வாங்க முடியுமா?

பதில்: வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால், எதற்காக என்று பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டும், கொடுப்பதா வேண்டாமா என்று நீதிமன்றம் முடிவெடுக்கும். 'சம்பந்தம் பேசுகிறோம்' என்ற காரணம் அங்கே எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: வழக்குக் காகிதங்களின் நகலுக்கு நீதிமன்ற விதிகள்தான் வழி, ஆர்.டி.ஐ. அல்ல. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கு எண்ணும் தேதிகளும் கிடைக்கலாம். என்ன நடந்தது என்பது அதில் இருக்காது.

இன்னொன்று, மனு உங்களுக்கு எதற்கு? அதில் இருப்பது ஒருவர் இன்னொருவர் மீது அடுக்கிய புகார்கள். பாதி வழக்குகளில் அந்தப் புகார்களை யாரும் நிரூபிப்பதே இல்லை, பரஸ்பர சம்மதத்தில் முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். உங்களுக்கு வேண்டியது தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல். மாப்பிள்ளையிடமே கேளுங்கள், அப்பீல் எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டிய விஷயம் இல்லை இது. தரமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தானே.

கேள்வி: நான் மனுவில் எழுதியதைப் படம் எடுத்து, என் கணவர் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. காகிதம் கசிவது பெரும்பாலும் கோர்ட்டிலிருந்து அல்ல, கையில் நகல் வைத்திருக்கும் நம் வீட்டு ஆட்களிடமிருந்துதான்.

இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 22 இந்த வழக்கு விவரங்களை அச்சிடவோ வெளியிடவோ கூடாது என்கிறது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். அந்தத் தொகைக்கு யார் பயப்படப் போகிறார்கள்? அதோடு, குடும்பக் குழுவில் போட்டது 'வெளியிட்டது' ஆகுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதம் செய்வார். அதனால் நான் வேறு வழியைச் சொல்வேன். அதே நீதிமன்றத்தில் ஓர் இடைக்கால மனுப் போட்டு, வழக்குக் காகிதங்களை யாருக்கும் அனுப்பக் கூடாது என்று தடையாணை வாங்குங்கள். அதற்குப் பிறகும் அனுப்பினால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 2-ஏ பாயும்: சொத்து முடக்கம், 3 மாதம் வரை சிவில் சிறை. அது வேலை செய்யும்.

முதலில் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். குழுவின் பெயர், அனுப்பியவர் எண், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட். அதை உங்களுக்கு அனுப்பிய சித்தியோ அத்தையோ, தன் போனிலிருந்து எடுத்தது என்று சான்றிதழ் தர வேண்டியிருக்கும் (பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி, இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63). அவர் பின்வாங்கிவிடுவாரா என்று முன்பே பேசி வையுங்கள். அப்புறம், பதிலுக்கு நீங்கள் அவருடைய எதிருரையை (உங்கள் மனுவுக்கு அவர் தாக்கல் செய்த பதிலை) உங்கள் பக்கத்துக் குழுவில் போட்டுவிடாதீர்கள். உங்கள் மனு அங்கேயே படுத்துவிடும்.

கேள்வி: ஜீவனாம்ச வழக்கில் சம்பளம், வங்கிக் கணக்கு, கடன் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்கிறார்கள். அவளுக்கு எதற்கு என் கணக்கு விவரம்?

பதில்: தந்துதான் ஆக வேண்டும் தம்பி. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று சொல்லி, அதற்கான படிவத்தையும் கொடுத்துவிட்டது. மறைத்தது தெரிந்தால் பொய்ப் பிரமாண நடவடிக்கை வரும். ஆதார் நகல் கேட்டால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள். பாஸ்வேர்டு, பின் எண் மாதிரியானவை எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது. அந்தப் பக்கமும் இதே படிவத்தை நிரப்ப வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: சமரச மையத்தில் மனம்விட்டுச் சிலதைப் பேசிவிட்டேன். அதை வழக்கில் இழுப்பார்களா?

பதில்: இழுக்கக் கூடாது. சமரசம் ஆனால் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அனுப்ப வேண்டும், ஆகாவிட்டால் ஆகவில்லை என்று மட்டும் சமரசர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும், உள்ளே பேசியதை எழுதக் கூடாது என்று 2010-இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழந்தைப் பொறுப்பு வழக்கு மட்டும் கொஞ்சம் வேறு. பெர்ரி கன்சாக்ரா வழக்கில் (2019), குழந்தையின் நலனுக்காக ஆலோசகரின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் வழக்கில் குழந்தை இருந்தால், ஆலோசகரிடம் சொல்வது நீதிபதி வரை போகலாம் என்று நினைத்தே பேசுங்கள்.

கேள்வி: விவாகரத்து வழக்கோடு போலீஸிலும் வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுத்திருக்கிறேன். அதுவும் ரகசியம்தானா?

பதில்: இல்லை. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 11 போலீஸ் நிலையத்துக்குப் பொருந்தாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து, பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகள் இணையத்தில் ஏறிவிடுகின்றன. குடும்ப நீதிமன்றத்தில் கதவை மூடச் சொன்ன அதே சம்பவம், புகாரில் வரிக்கு வரி இருந்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். குடும்ப வன்முறைச் சட்ட வழக்கு இதில் சேராது; அங்கே பிரிவு 16-இன் கீழ் மூடிய அறை கேட்கலாம்.

கேள்வி: அப்பீல் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. தீர்ப்பு வந்தால் என் பெயர் கூகுளில் வருமா?

பதில்: வரலாம். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை நீதிமன்ற அனுமதியோடு வெளியிட இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 22-இலேயே இடம் இருக்கிறது. பெயருக்குப் பதில் எழுத்துகளைப் போடச் சொல்லித் தீர்ப்புக்கு முன்பே மனுப் போடுங்கள். தீர்ப்பு நாலைந்து தளங்களுக்குப் பரவிய பிறகு ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி அலைவது பெரும்பாடு.

கேள்வி: கோர்ட் நோட்டீஸை வாங்காமல் இருந்தால் விஷயம் வெளியே தெரியாமல் இருக்கும் அல்லவா?

பதில்: நேர் எதிர். இரண்டு மூன்று முறை திரும்பிப் போனால் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க எதிர்த்தரப்பு அனுமதி வாங்கிவிடும். உங்கள் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் நாளிதழில் வரும். தபால்காரர் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.